வராத நோயின் வரலாறு

மெல்போர்ன் நகரத்தில் வசந்தம் பிறந்து வெயிலில் சற்றே உறைப்பு ஏறத் தொடங்கும் செப்டம்பர் மாதத்தில், ஏதேனும் ஓர் ஆரம்பப் பள்ளியின் வேலியோரமாக மதிய இடைவேளையில் நடந்து செல்கிறவர்கள், அகன்ற விளிம்புத் தொப்பி தரித்த பிள்ளைகள் மைதானம் நிறைய ஓடிப் பிடித்து விளையாடுவதையும், தொப்பியைக் கொண்டுவர மறந்துவிட்ட இரண்டொரு பிள்ளைகள் மட்டும் கூரை நிழலில் உட்கார்ந்து அந்த ஆரவாரத்தை ஏக்கத்தோடு பார்த்துக் கொண்டிருப்பதையும் காணலாம். ‘தொப்பி இல்லையேல் ஆட்டம் இல்லை’ என்பது இந்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் வழங்கும் விதி. விதி என்பதைவிட ஆசாரம் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். ஏனெனில் என் பேத்தி புத்தகப் பையை மறந்தாலும் மறப்பாளே தவிரத் தொப்பியை மறக்கமாட்டாள். தெருமுனைக் கடைவரை வெறுந்தலையோடு வா என்று நான் கூப்பிட்டால், “தாத்தா, இன்னிக்கு யூ.வி. எவ்வளவுன்னு பார்த்தீங்களா?” என்று புற ஊதாக் கதிரின் அளவைப் பற்றி என்னையே கேட்பாள்.

அந்த மைதானத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் மனத்தில் ஓர் எண்ணம் எழும். அங்கே ஓடியாடும் வெள்ளைக்காரப் பிள்ளைகளுள் யாரோ ஒன்றுக்கு, அதன் பாட்டன் பாட்டி காலத்தைப் போல வெறுந்தோளும் வெறுந்தலையுமாகக் கடற்கரையிலேயே வளர்ந்திருக்குமானால், ஐம்பதாவது வயதில் முதுகிலுள்ள ஒரு மச்சம் கறுத்துப் பெருத்து, மெலனோமா என்று மருத்துவர்கள் பெயர் சொல்லும் கொடிய புற்றாக முதிர்ந்திருக்கும். இந்தத் தொப்பியினால் அது வராமற்போகும். ஆனால் அது எந்தப் பிள்ளை என்பதைப் பிள்ளையும் அறியாது, பெற்றவளும் அறியாள், தொப்பியைப் போடச் சொன்ன ஆசிரியையும் அறியமாட்டாள். கத்தி பிடித்து உயிர் மீட்ட வைத்தியருக்குக் கை கூப்பி நன்றி சொல்ல ஒரு நோயாளி இருக்கிறான். அவன் முகத்தைப் படம் பிடித்துப் பத்திரிகையில் போடலாம். வராத நோய்க்கு நோயாளி கிடையாது. ஜனங்களுக்கு அறிவு புகட்டி ஆபத்தை முன்கூட்டியே விலக்கும் காரியத்தின் பெருமை இதுதான். அதன் விருத்தாந்தத்தை எழுத உட்காருகிறவனுடைய சங்கடமும் இதுதான்.

அந்தச் சங்கடத்தில் நானும் பங்குகொண்டவன் என்பதனாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். இந்நாட்டில் அரசாங்கமோ நகரசபையோ ஒரு சங்கத்துக்கு மானியம் அளித்து, ‘உங்கள் மக்களுக்கு நீரிழிவைப் பற்றிச் சொல்லுங்கள், இருதய நோயைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டுக்கொண்டால், வருஷ முடிவில் கணக்கோடு கூட ஒரு ‘வெற்றிக் கதை’யும் எழுதித் தரவேண்டும். சிட்னியின் மேற்குப் புறத்திலும் மெல்போர்னின் தென்கிழக்கிலும் தமிழர் சங்கங்கள் இத்தகைய கூட்டங்களை எத்தனையோ வருஷமாக நடத்தி வருகின்றன. 2021ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் இந்நாட்டில் 95,000 பேருக்கு மேல். இவர்களுக்கு நல்லது சொல்ல எடுத்துக்கொள்ளும் சிரத்தையில் பத்தில் ஒரு பங்கேனும், சொன்னதனால் என்ன விளைந்தது என்று கண்டு எழுதுவதில் நாம் காட்டுவதில்லை என்பது என் நெடுநாளைய வருத்தம். எழுதத் தெரியாமல் எழுதப்பட்ட கதை, நல்ல காரியத்தையே சாகடித்துவிடுகிறது. அடுத்த வருஷம் மானியம் நின்றுபோகிறது, அல்லது பிரயோஜனமற்ற காரியத்துக்கே தொடர்ந்து கிடைக்கிறது.

ஆகையால், நன்றாகச் செய்து நன்றாகவும் எழுதப்பட்ட ஒரு காரியத்தின் சரித்திரத்தை முதலில் பார்ப்போம். பள்ளிப் பிள்ளையின் தலையில் அந்தத் தொப்பி வந்து அமர்ந்த வரலாறே அது.

ஆங்கிலேயரும் ஐரிஷ்காரரும் குளிர்நாட்டுத் தோலோடு இந்தக் கடும்வெயில் நாட்டில் வந்து குடியேறி, கடற்கரையில் கிடந்து மேனியைப் பொன்னிறமாக வாட்டிக்கொள்வதையே ஆரோக்கியத்தின் அடையாளமாக நெடுங்காலம் கருதி வந்தார்கள். எழுபது வயதுக்குள் மூவரில் இருவருக்கு ஏதேனும் ஒருவகைத் தோல் புற்று கண்டுவிடுகிறது என்பது இங்கே பலகாலமாகச் சொல்லப்படும் கணக்கு. 1981இல் விக்டோரியா மாநிலத்துப் புற்றுநோய் எதிர்ப்புக் கவுன்சில், அப்போது அதன் தலைவராக விளங்கிய டாக்டர் நைஜல் கிரேயின் காலத்தில், தொலைக்காட்சியில் ஒரு கடற்காகத்தைப் பாடி ஆடவிட்டது. அதன் பெயர் சிட். அரைக்கால் சட்டையும் மேற்சட்டையும் தொப்பியும் அணிந்த அந்தப் பறவையைச் சித்திரமாக்கியவர் அலெக்ஸ் ஸ்டிட். பாட்டுக்கு இசை அமைத்தவர் பீட்டர் பெஸ்ட். விளம்பரத் துறையில் கீர்த்தி பெற்ற ஃபிலிப் ஆடம்ஸும் அம்முயற்சியில் பங்குகொண்டார். ‘ஸ்லிப், ஸ்லொப், ஸ்லாப்’ என்ற மூன்றே சொற்கள்: சட்டையை மாட்டு, களிம்பைப் பூசு, தொப்பியைக் கவிழ். புற்று, மரணம், கதிர்வீச்சு என்று பயமுறுத்திச் சொல்லவில்லை. கையும் உடம்பும் என்ன செய்யவேண்டும் என்பதை மட்டும், அதுவும் குழந்தை வாயில் ஒட்டிக்கொள்ளும் ஓசையோடு, சொன்னார்கள். நாற்பது வருஷத்துக்குப் பிறகும் இந்நாட்டு மக்கள் அதைப் பாடிக் காட்டுகிறார்கள்.

பாட்டைப் பற்றி மாத்திரம் எழுதி நிறுத்தியிருந்தால் அது விளம்பரக்காரரின் வெற்றிக் கதையாக இருந்திருக்கும். 1987இல் விக்டோரியா அரசாங்கம் புகையிலைச் சட்டம் ஒன்றை இயற்றி, சிகரெட்டின் மீது விதித்த தீர்வையைக் கொண்டே ‘விக்ஹெல்த்’ என்ற ஆரோக்கிய ஸ்தாபனத்தை அமைத்தது. புகையிலைப் பணத்தை ஆதாரமாகக் கொண்டு அமைந்த அத்தகைய ஸ்தாபனங்களுள் உலகத்திலேயே முதலாவது அது. அதன் உதவியோடு 1988இல் ‘சன்ஸ்மார்ட்’ இயக்கம் தொடங்கியது. அதன்பின் பறவை தனியாக ஆடவில்லை. பள்ளிகளில் நிழற்கூரை எழுந்தது. உச்சி வெயிலில் நடக்கும் விளையாட்டுப் போட்டிகளின் நேரம் விவாதத்துக்கு வந்தது. வெளியே வேலை செய்யும் தொழிலாளிக்கு முதலாளி தொப்பி தரவேண்டும் என்ற எண்ணம் வேரூன்றியது. துணி எவ்வளவு கதிரைத் தடுக்கிறது என்று அளந்து சீட்டு ஒட்டுவதற்கான தரநிர்ணயம் 1996இல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் உலகத்துக்கே முன்னோடியாக ஏற்பட்டது. 2007இல் பாட்டோடு மேலும் இரண்டு சொற்கள் சேர்ந்தன. நிழலைத் தேடு, கண்ணாடியை அணி என்பன அவை.

இவ்வியக்கத்தின் கர்த்தாக்கள் செய்த காரியங்கள் எல்லாவற்றிலும் என் மனத்தை மிகவும் கவர்ந்தது, அவர்கள் பாடிய பாட்டும் அல்ல, கட்டிய கூரையும் அல்ல. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவர்கள் செய்த ஒரு சின்னஞ்சிறு வேலை. டேவிட் ஹில் என்ற மனோதத்துவ ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும், கோடைகாலத்தில் திங்கட்கிழமைதோறும் மெல்போர்ன் வீடுகளுக்குத் தொலைபேசி செய்யச் சொல்லி, ‘நேற்று ஞாயிற்றுக்கிழமை உச்சிவேளையில் வெளியே இருந்தீர்களா? தலையில் தொப்பி இருந்ததா? களிம்பு பூசினீர்களா? தோல் சிவந்து எரிந்ததா?’ என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். ‘எங்கள் விளம்பரம் பிடித்ததா?’ என்பதில் அவர்கள் நிற்கவில்லை. ‘தொப்பி அணிவது நல்லதென்று நம்புகிறீர்களா?’ என்று மட்டும் கேட்டிருந்தால், நல்லது என்றே எல்லோரும் சொல்லியிருப்பார்கள். அந்த நம்பிக்கையால் ஒரு தோலும் எரியாமல் தப்பியிருக்காது. நேற்று என்ற ஒரு நாளை, அது ஞாபகத்தில் ஈரமாக இருக்கும்போதே பிடித்து, அந்நாளில் உடம்பு என்ன செய்தது என்று கேட்ட அந்தக் கேள்வியில் இருக்கிறது விவேகம்.

சன்ஸ்மார்ட் பிரசாரம் ஆரம்பிப்பதற்கு முன்னரே முதற் கோடையில் இக்கேள்விகளைக் கேட்டு வைத்துக்கொண்டார்கள் என்பதையும் கவனிக்கவேண்டும். அந்தக் கோடையில் தொப்பி அணிந்திருந்தவர் நூற்றுக்கு 19 பேர். அடுத்த கோடையில் 26. மூன்றாம் கோடையில் 29. களிம்பு பூசியவர் முறையே 12, 18, 21 பேர். தோல் எரிந்தவர்களோ 11 பேரிலிருந்து 10 ஆகி, பிறகு 7 ஆகக் குறைந்தார்கள். ‘மூன்றாம் வருஷம் வெயில் குறைவாக இருந்திருக்கும்’ என்று யாரேனும் ஆட்சேபிக்கக் கூடுமே என்று, அந்தந்த ஞாயிற்றுக்கிழமையின் வெப்பத்தையும் கதிரின் உக்கிரத்தையும் கணக்கில் கழித்துப் பார்த்தே 1993இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்குப் பதினொருவர் ஏழுபேர் ஆனது ஒரு பிரமாத சாதனையா என்று அவசரக்காரர்கள் கேட்கலாம். ஒரு மாநகரத்தின் ஜனத்தொகையில் நூற்றுக்கு நான்கு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எரிச்சலின்றி உறங்கப் போனார்கள் என்று அதைப் படித்துப் பாருங்கள். வராத நோய்க்கு முகம் கிடையாது என்றேனே, அதன் முகத்தை இதைவிடக் கிட்டத்தில் காட்டிய எழுத்தை நான் கண்டதில்லை.

விளம்பரத்துக்குப் பணம் குறைந்து தொலைக்காட்சியில் அது மெலிந்த 1990களின் பிற்பகுதியில் முன்னேற்றமும் நின்றுபோயிற்று என்பதை அதே இயக்கத்தாரின் கணக்கே காட்டியது. அதையும் அவர்கள் மறைக்காமல் 2008இல் பிரசுரித்தார்கள். இறங்கிய கோட்டையும் வரைந்து காட்டியதனாலேயே, ஏறிய கோட்டுக்கும் பிரசாரத்துக்கும் சம்பந்தம் உண்டென்பது நிரூபணம் ஆயிற்று. செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் 2 டாலர் 30 சென்ட் மிச்சமாகிறது என்று 2009இல் ஒரு மதிப்பீடு வெளியாயிற்று. 2017இல் மறுபடி கணக்கிட்டபோது அது 2 டாலர் 20 சென்ட் என்று சற்றே இறங்கியது. இறங்கிய தொகையையே முன்னால் வைத்தார்கள். 1988 முதல் 2010 வரை விக்டோரியாவில் ஏறத்தாழ 43,000 தோல் புற்றுகளும் 1,400 மரணங்களும் தவிர்க்கப்பட்டன என்பது அந்த இரண்டாம் மதிப்பீட்டின் சாரம். நாடெங்கும் நாற்பது வயதுக்கு உட்பட்டோரிடையே மெலனோமா குறைந்து வருகிறது. அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது.

இனி நம்முடைய எழுத்துக்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு சங்கத்தார், முதியோருக்கான ஆரோக்கியக் கூட்டம் ஒன்றைப் பற்றிய வெற்றிக் கதையை எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். அவர்கள் கையில் கொடுத்த குறிப்பில், குத்துவிளக்கை ஏற்றியவர் யார், தலைமை வகித்தவர் யார், பொன்னாடை போர்த்தப்பட்டவர் யார், எத்தனை நாற்காலி நிரம்பியது, எத்தனை துண்டுப் பிரசுரம் விநியோகம் ஆயிற்று, சிற்றுண்டி எவ்வளவு சிறப்பாக இருந்தது என்பனவெல்லாம் ஒழுங்காக இருந்தன. வந்திருந்த நூறுபேரில் ஒருவர்கூட அந்தக் குறிப்பில் இல்லை. நானும் யோசனையில்லாமல் அவற்றையே அழகிய வாக்கியங்களாகக் கோத்துக் கொடுத்தேன்; அது ஏற்கப்பட்டது; பாராட்டும் வந்தது. வந்தவர்கள் வீடு திரும்பி என்ன செய்தார்கள் என்று எவரும் என்னைக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கதையை இன்று எடுத்துப் படித்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. விளக்கை ஏற்றியவருடைய பெயர் இருக்கலாம், தவறில்லை. ஆனால் கதாநாயகர் அவர் இல்லை. கூட்டத்துக்கு முதல்நாள் ஒருவகையாக நடந்து, கூட்டத்துக்குப் பிறகு ஒரு மாதம் கழித்து வேறுவகையாக நடந்த யாரோ ஒரு சாமானிய மனிதரே கதாநாயகர். அவரைத் தேடிப் போகாதவன் வெற்றிக் கதை எழுதும் யோக்கியதையை அடைவதில்லை.

தேடிக் கண்டபின்பும் ஓர் ஆசை நம்மைப் பிடித்துக்கொள்கிறது. கண்ட நன்மை முழுவதும் நம்மாலேயே விளைந்தது என்று எழுதும் ஆசை அது. இதற்கு மெல்போர்னிலேயே ஒரு பாடம் உண்டு. 1989இல் விக்டோரியாவின் சாலைகளில் 776 பேர் மாண்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில், போக்குவரத்து விபத்து நஷ்டஈட்டு ஆணையம், குடித்துவிட்டுக் கார் ஓட்டியவனால் காதலி படுகாயமுற்று மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும் காட்சியைத் தொலைக்காட்சியில் காட்டத் தொடங்கியது. குடித்து ஓட்டுகிறவனை மடையன் என்று வீட்டு மொழியில் வசைபாடிய அந்த வாசகம் நாடெங்கும் பரவிற்று. 1992இல் சாலை மரணம் 396. எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகிவிட்டது! விளம்பரமே இதைச் செய்தது என்று எழுதிவிடுவது எவ்வளவு சுலபம்! ஆனால் அதே காலத்தில்தான் போலீசார் சுவாசப் பரிசோதனை வண்டிகளைச் சாலைதோறும் நிறுத்தினார்கள். வேகத்தைப் படம்பிடிக்கும் காமிராக்கள் வந்தன. பொருளாதார மந்தத்தினால் மக்கள் கார் எடுப்பதும் குறைந்தது. மோனாஷ் சர்வகலாசாலையின் விபத்து ஆராய்ச்சி நிலையத்தார் இவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, எதன் பங்கு எவ்வளவு என்று கணக்கிட முயன்றார்கள். அவர்கள் கணக்கையும் பிறர் மறுத்து வாதித்தார்கள். என் அபிப்பிராயத்தில் அந்த வாதமே அந்த வெற்றியின் கௌரவம். விளம்பரம் பயத்தை மனத்தில் விதைத்தது, சாலை முனையில் நின்ற வண்டி அந்தப் பயத்துக்கு உருவம் கொடுத்தது என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போது கதை சிறுப்பதில்லை. அதைப் படிக்கும் வேறோர் ஊர்க்காரன், விளம்பரத்தை மாத்திரம் நகல் எடுத்து ஏமாறாமல் தப்பிக்கிறான்.

எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது வேறு, பலன் தந்தது வேறு என்பதற்கு இன்னொரு உதாரணம், அது சற்றே கசப்பானது. 1987 ஏப்ரலில், எய்ட்ஸ் நோயை எச்சரிப்பதற்காக, கறுத்த அங்கியும் அரிவாளும் தரித்த எமன் ஒருவன் பந்துருட்டி, ஆணும் பெண்ணும் குழந்தையுமாக நிற்கும் மனிதர்களைக் கட்டைகளைப் போல வீழ்த்தும் காட்சி இந்நாட்டுத் தொலைக்காட்சிகளில் வந்தது. பார்த்தவர் நடுங்கினார்கள், எவரும் தப்பமுடியாது என்று சொல்ல வந்த அந்தச் சித்திரத்தை, நோயுற்ற ஆண்களே அந்த எமன் என்று பலர் திரித்துப் புரிந்துகொண்டதனால், ஏற்கெனவே துன்புற்றவர்கள் தெருவில் பழிக்கும் ஆளானார்கள். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, 1986 நவம்பரில், சிட்னியின் டார்லிங்ஹர்ஸ்ட் பகுதியில் டாக்டர் அலெக்ஸ் வோடக்கும் அவருடைய சகாக்களும், சட்டம் தடுத்திருந்தபோதிலும், போதை ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்குச் சுத்தமான ஊசியைக் கொடுத்துப் பழைய ஊசியை வாங்கிக்கொள்ளும் நிலையம் ஒன்றைச் சத்தமில்லாமல் திறந்திருந்தார்கள். ஊசியோடு நாலு வார்த்தையும் கொடுத்தார்கள். நியாயம் பேசாமல், முகம் சுளிக்காமல். பின்னர் அரசாங்கமே அந்த வழியை ஏற்றது. 2000ஆம் ஆண்டு வரை அத்தகைய நிலையங்களால் நாடெங்கும் சுமார் 25,000 எச்.ஐ.வி. தொற்றுகள் தடுக்கப்பட்டன என்று 2002இல் ஓர் அறிக்கை மதிப்பிட்டது. நோய் கண்ட சமூகத்தினரே தம்மவர்க்குத் தாமே அறிவு புகட்ட அமைத்துக்கொண்ட சங்கங்களின் உழைப்பும் இதனோடு சேர்ந்தது. இன்றும் யாரையேனும் நிறுத்தி அக்காலத்தைப் பற்றிக் கேளுங்கள். எமனைச் சொல்வார்கள், ஊசியைச் சொல்லமாட்டார்கள். சத்தத்தின் பின்னே போகாமல் பலனின் பின்னே போவதற்கு எழுத்தாளனுக்குப் பொறுமை வேண்டியிருக்கிறது.

அப்படியானால் ஒரு மனிதரின் கதையை உருக்கமாகச் சொல்வதே கூடாதா என்று கேட்கலாம். கூடும், சில வேளைகளில் எண்ணிக்கை நூறு புகமுடியாத இடத்தில் ஒரு குரல் புகும். கிளேர் ஆலிவர் என்ற மெல்போர்ன் பெண், மேனியைச் செயற்கை விளக்கொளியில் வாட்டும் ‘சோலேரியம்’ நிலையங்களுக்குச் சென்றவர், மெலனோமாவினால் 2007 செப்டம்பரில் தமது 26ஆம் வயதில் இறந்தார். மரணப் படுக்கையிலிருந்தே அவர் தம் கதையைத் தாமே பத்திரிகைகளுக்கும் தொலைக்காட்சிக்கும் சொன்னார். அக்குரல் நாட்டை உலுக்கியது. நிலையங்களுக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. இறுதியில் 2014ஆம் ஆண்டோடு நியூ சவுத் வேல்ஸிலும், 2015 ஜனவரி முதல் விக்டோரியாவிலும் அந்த வியாபாரமே தடை செய்யப்பட்டது. இங்கே நாம் கவனிக்கவேண்டியது, கதை அவருடையது, சொல்லத் தீர்மானித்தவரும் அவரே என்பது. நம் சங்கங்களில் ஒரு மாமியின் நீரிழிவையோ ஒரு மாமாவின் மனச்சோர்வையோ அவர்களைக் கேளாமலே எடுத்துப் படத்தோடு அச்சிட்டுவிடுகிறோம். நல்ல நோக்கம்தான், ஆயினும் ஊர் வாயில் அவர்களை விட்டுவிட்டு நாம் பாராட்டுப் பெற்றுக்கொள்வது நியாயமாகாது. சம்மதம் என்பது கையெழுத்து ஒன்றினால் முடிகிற காரியமும் அன்று. எழுதியதை அவர்களுக்கே வாசித்துக் காட்டி, ‘இது வேண்டாம்’ என்று அவர்கள் சொல்லும் வரியை எடுத்துவிடவேண்டும்.

இன்னும் ஒரு விஷயம், அது நம்மவரை நேராகத் தொடுவது. கடற்காகத்தின் உபதேசம் வெளுத்த தோலுக்காகப் பிறந்தது. கறுத்த தோலுடைய நாம் இங்கே வந்து, பிள்ளைகளின் வாயிலாக அதைக் கேட்டு, நமக்கும் அதுவே வேதம் என்று கொண்டோம். நம் தோலிலுள்ள நிறமே ஒரு குடை. அந்தக் குடையின்மேல் இன்னொரு குடையும் பிடித்து, மெல்போர்னின் மங்கிய குளிர்காலத்தையும் வீட்டுக்குள்ளேயே கழித்தால், எலும்புக்கு வேண்டிய டி வைட்டமின் உடம்பில் ஊறுவதெப்படி? கறுத்த தோலுடைய அல்லது முக்காடு அணிந்த கர்ப்பிணிகளை மெல்போர்னில் பரிசோதித்து 2001இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஐந்தில் நான்கு பேருக்கு அந்த வைட்டமின் மிகவும் குறைந்திருந்தது. இதற்குக் காரணம் பிரசாரம் ஒன்றே என்று சொல்வது அநியாயம்; உடையும், வீட்டுக்குள்ளேயே அடைந்திருக்கும் வாழ்க்கையும், தென்துருவத்தை நோக்கிச் சாய்ந்த ஊரின் வெயிலும் அதில் சேர்கின்றன. ஆனாலும், ஒரு சாராரைக் காப்பாற்றிய வார்த்தை இன்னொரு சாரார் காதில் எப்படி விழுந்தது என்பதை அக்காலத்து வெற்றிக் கதைகளில் நான் அதிகம் காணவில்லை. இப்போது நிலைமை மாறியிருக்கிறது. தோலின் நிறத்தைப் பொறுத்து மக்களை மூன்று பிரிவாக வகுத்து, ஒவ்வொருவருக்கும் வெயில் எவ்வளவு நன்மை, எவ்வளவு தீமை என்று தனித்தனியே சொல்லும் நிலைப்பாட்டை இந்நாட்டு நிபுணர்கள் அண்மையில் வெளியிட்டிருக்கிறார்கள். என் பேத்தி தொப்பியோடு ஓடட்டும், பள்ளி விதி அது; நான் காலை வெயிலில் சட்டைக்கையை மடித்துக்கொண்டு நடப்பதையும் அவள் மன்னிக்கவேண்டும் என்று அவளிடம் விளக்கிச் சொல்லியிருக்கிறேன்.

பலனை எங்கே தேடுவது என்பதற்குத் தாய்நாட்டிலிருந்தே ஓர் உதாரணம் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது நடந்த அறிவொளி இயக்கத்தில், எழுத்துக் கற்க வந்த கிராமத்துப் பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கற்றுக் கொடுத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டார்கள். கல்லுடைப்பவர், வயல் வேலை செய்பவர், ஆசிரியை, செவிலி என்று எல்லோரும் சைக்கிளில் ஏறினார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள் என்று பி. சாய்நாத் நேரிற் கண்டு எழுதியிருக்கிறார். எத்தனை பேர் கையெழுத்துப் போடக் கற்றார்கள் என்ற எண்ணிக்கையை எந்த மாவட்டமும் சர்க்காருக்கு அனுப்பலாம், அனுப்பியும் இருக்கின்றன. பின்னால் குடமும் முன்னால் பிள்ளையுமாக ஒரு பெண் தானே சைக்கிளை மிதித்துக்கொண்டு, பஸ்ஸுக்கோ புருஷனுக்கோ காத்திராமல் தார்ச்சாலையில் போனாள் என்ற ஒரு காட்சியில், அந்த எண்ணிக்கை சொல்லாத விடுதலை பிரத்தியட்சமாகத் தெரிகிறது. மெல்போர்னில் திங்கட்கிழமைத் தொலைபேசி எதைத் தேடியதோ, அதையே புதுக்கோட்டையில் அந்தச் சைக்கிள் காட்டிற்று.

இவற்றையெல்லாம் படித்தும் கேட்டும் அறிந்த பிறகு, சென்ற வருஷம் முதியோர் கூட்டம் ஒன்றைப் பற்றி மறுபடியும் எழுத எனக்கு ஒரு வாய்ப்பு வந்தது. விஷயம் குடற்புற்று. 2006 முதல் ஆஸ்திரேலிய அரசாங்கம், வயது வந்தோர் வீட்டுக்கே தபாலில் ஒரு பரிசோதனைப் பெட்டியை இலவசமாக அனுப்புகிறது. 50 முதல் 74 வயது வரையுள்ளோர்க்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும், 2024 ஜூலை முதல் 45 முதல் 49 வயது வரையுள்ளோரும் கேட்டுப் பெறலாம். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் உண்டா என்று பார்க்கும் எளிய சோதனை. ஆரம்பத்திலேயே கண்டுவிட்டால் இப்புற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குணப்படுத்திவிடலாம். ஆயினும் பெட்டி பெற்றவர்களில் அதைத் திருப்பி அனுப்புகிறவர் நூற்றுக்குச் சுமார் 40 பேரே. வீட்டில் வேறு மொழி பேசுகிறவர்களிடையே அதனினும் குறைவு. நம் வீடுகளில் அது குளியலறை அலமாரியில் மற்றப் பொருள்களுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துவிடும். அருவருப்பு ஒரு பாதி, ஆங்கிலக் குறிப்பைக் கண்டு மலைப்பு ஒரு பாதி.

இம்முறை நான் சங்கத்தாரிடம் முன்னதாகவே ஒரு வேண்டுகோள் விடுத்தேன். கூட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவரையும், ‘கடைசியாக வந்த பெட்டி இப்போது எங்கே இருக்கிறது?’ என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ள அனுமதியுங்கள், ஆறு வாரம் கழித்து அதே கேள்வியை நானே தொலைபேசியில் கேட்டுக்கொள்கிறேன் என்றேன். கூட்டத்தில் ஒரு நர்ஸ் அம்மாள், தமிழில், வெட்கப்படாமல், பெட்டியைப் பிரித்துக் குச்சியை எடுத்து எப்படி உபயோகிப்பது என்று செய்தே காட்டினார்கள். சிலர் சிரித்தார்கள், ஒரு பெரியவர் எழுந்து வெளியே போனார், போனவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆறு வாரம் கழித்து, திங்கட்கிழமையாகப் பார்த்து, ஒவ்வொருவராக அழைத்தேன். பாதிக்கு மேற்பட்டவர்கள் இன்னும் அனுப்பவில்லை. அதை அப்படியே எழுதினேன். வெளியே போன பெரியவர், “அடுத்த வாரம் பார்க்கலாம் சார்” என்று பேச்சை மாற்றிவிட்டார். அதையும், அவர் பெயர் இல்லாமல், எழுதினேன். அனுப்பியவர்களில் ஒரு மாமி, மகளுக்கும் தெரியாமல், நர்ஸ் அம்மாள் காட்டியபடியே செய்து, தானே தபால் நிலையத்துக்கு நடந்து போய்ச் சேர்த்திருந்தார். முடிவு வந்ததா என்று கேட்டேன்.

“வந்துச்சு தம்பி. மருமகனை விட்டுப் படிக்கச் சொன்னேன். ஒண்ணும் இல்லையாம்.”

இதை எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். சற்று யோசித்து, “பேரைப் போடாமே எழுதிக்கோ, நடந்தே போனேன்னு எழுது” என்றார்.